ஆடியிலிருந்து ஆனி வரை: அப்பாக்கள் பிள்ளைகளோடு வெளியில் இறங்கிச் செய்ய என்னென்ன இருக்கிறது?

பெருங்களத்தூர்_அப்பா | 20 ஜூலை, இரவு 9:40

வணக்கம். எனக்கு ஒன்பது வயதில் மகள், ஆறு வயதில் மகன். சனி ஞாயிறு வந்தால் மால், இல்லையென்றால் டிக்கெட் வாங்கி உள்ளே போய்க் குதிக்கிற இடம். பிள்ளைகளுக்கு அது பிடிக்காமல் இல்லை. ஆனால் அங்கே எனக்கு இருக்கும் வேலை பணம் கட்டுவதும், ஓரமாக உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொள்வதும்தான்.

மூன்று பேரும் சேர்ந்து கையால் செய்கிற வேலையாக வேண்டும். அந்தந்த மாதத்துக்கு உரியதாக இருந்தால் இன்னும் நல்லது. ஆடியில் கிடைப்பது மாசியில் கிடைக்காது என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மொட்டை மாடி உண்டு, நடக்கிற தூரத்தில் ஏரி உண்டு. மாமனார் வீடு வந்தவாசிப் பக்கம். உங்கள் பிள்ளைகளோடு நீங்கள் உண்மையில் செய்வதைச் சொல்லுங்கள்.

உடன்குடிக்காரன் | 21 ஜூலை, காலை 6:55

சரியான நேரத்துல கேட்டிருக்கீங்க தம்பி. இப்பதான் பனம்பழம் விழ ஆரம்பிக்கும். ஆவணி, புரட்டாசி வரைக்கும் விழும். பொங்கலுக்கு வெட்டி எடுக்கிற பனங்கிழங்குக்கு வேலை இன்னைக்குத் தொடங்கணும்.

பிள்ளைகளை விடியக்காலமே கூட்டிட்டுப் போங்க. ராத்திரி விழுந்த பழம் மரத்தடியில கிடக்கும். மணத்தை வச்சே கண்டுபிடிச்சிருவாங்க. காத்து பலமா அடிக்கும்போது மட்டும் பனை அடியில நிக்க விடாதீங்க, பழம் கிலோவுக்கு மேல கனம் இருக்கும். ஒரு பழத்தைத் தணல்ல சுட்டுத் தின்னு பாருங்க. நார் பல்லுல மாட்டும், கை வாயெல்லாம் மஞ்சளாகும். பழத்துக்குள்ள பெரும்பாலும் மூணு கொட்டை இருக்கும். அதைத்தான் சேக்கணும்.

மணல் கலந்த மண்ணை ஒன்றரை, ரெண்டு அடி உயரத்துக்கு மேடாக் குவிங்க. கொட்டையை நெருக்கமா அடுக்கி, மேல கொஞ்சம் மண்ணைத் தூவி விடுங்க. ஏன் மேடுன்னு உங்க மக கேக்கணும், கேக்கலேன்னா நீங்களே சொல்லுங்க. பனங்கொட்டையில முளைக்குழாய் கீழ இறங்கும், தளிரையும் உள்ளயே வச்சுக்கிட்டு. மண்ணுக்குள்ள போய்த்தான் கிழங்கு கட்டும். தரையில விதைச்சா கடப்பாரை போட்டுத் தோண்டணும், மேடுன்னா சரிச்சு எடுத்திரலாம். நடுவுல ஒரு கொட்டையை எடுத்து அருவாளால ரெண்டாப் பொளந்து காட்டுங்க. உள்ள வெள்ளையா தவுன் இருக்கும். இனிப்பா, பஞ்சு மாதிரி. எங்க பிள்ளைகள் கிழங்கை விட அதுக்குத்தான் அடிச்சுக்கிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழை பாத்துக்கிடும். பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னால மேட்டைச் சரிச்சு, கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சா முடிஞ்சது. கொஞ்சம் கொட்டையை உங்க ஏரிக்கரையில நட்டு வைங்க. நம்ம மாநில மரம் அது. நுங்கு வெட்டப் பத்துப் பதினஞ்சு வருஷம் ஆகும், அதுக்குள்ள உங்க மகன் தானே ஏறுற வயசுக்கு வந்திருவான்.

பெருங்களத்தூர்_அப்பா | 21 ஜூலை, காலை 8:20

அண்ணாச்சி, படிக்கும்போதே கை பரபரக்கிறது. மேடு போட எங்களுக்குத் தரை இல்லை. மாடியில் சாக்குப்பையில் முடியுமா?

வடமராட்சியான் | 21 ஜூலை, மாலை 5:05

இங்க ஆடி எண்டால் பட்டம் எண்டு சொல்லுவீங்கள் எண்டு பாத்தன், இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை. எங்கட பக்கம் காலம் வேற. மார்கழி, தையிலை வாடைக்காத்து எழும்பேக்கதான் பட்டம். தைப்பொங்கல் அண்டைக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையிலை போட்டி நடக்கும், ஊரே அங்கதான் நிக்கும்.

நானும் என்ர மகளும் கட்டுறது விண் பூட்டின எட்டுமூலைப் பட்டம். மூங்கிலைச் சீவி வில்லா வளைச்சு, அதுக்கு மெல்லிய நாடாவை இழுத்துக் கட்டிப் பட்டத்தின்ர தலையிலை பூட்டுறது. காத்துப் பட நாடா அதிர்ந்து கூவும். இரவிலை நூலை மரத்திலை கட்டி விட்டால் படுக்கையிலை கிடந்து கேக்கலாம். நாடாவை எவ்வளவு இறுக்கினால் என்ன சத்தம் வரும் எண்டு மகள் தானே சோதிச்சுப் பாப்பா. இறுக்க இறுக்கக் கீச்சுக்குரல், இளக்க இளக்கக் கனத்த குரல். பள்ளிக்கூடத்திலை அலை, அதிர்வு எண்டு படிப்பிக்கேக்க அவவுக்கு ஒண்டும் புதுசா இருக்காது.

முச்சை கட்டுறதை மட்டும் அவசரப்படாமச் சொல்லிக் குடுங்கோ. பட்டத்தின்ர உயிர் அதிலைதான் இருக்கு.

வடசென்னைக்காரன் | 21 ஜூலை, இரவு 10:15

அண்ணன் முச்சைன்னு சொல்றதை இங்க சூத்திரம்னு சொல்வோம். ஆறு வயசுப் பையனுக்கு ஏத்த காத்தாடியை நான் சொல்றேன்.

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரமா நியூஸ் பேப்பர். தென்னை விளக்கமாத்துல நல்ல ஈர்க்குச்சியா எடுத்து மூலைக்கு மூலை நேரா ஒண்ணு, வளைச்சு ஒண்ணு. பசைக்குச் சோத்துப் பருக்கை போதும். ரெண்டு குச்சியும் சேர்ற இடத்துல ஒரு முடிச்சு, நேர்க்குச்சியோட கீழ்ப்பக்கம் ஒரு முடிச்சு, ரெண்டு நூலையும் இழுத்து முன்னாடி ஒண்ணாக் கட்டினா சூத்திரம். காத்து பலமா இருந்தா அந்த முடிச்சைத் தலைப்பக்கம் கொஞ்சம் ஏத்தணும், மெல்லிசுக் காத்துக்குக் கொஞ்சம் இறக்கணும். சுத்திச் சுத்தி விழுந்தா வால் பத்தலைன்னு அர்த்தம். பழைய வேட்டித் துணியைக் கிழிச்சு நீட்டி விடுங்க.

பெரும்பாலான அப்பாங்க நூலைத் தன் கையிலயே வச்சுக்கிட்டு, பையனைக் காத்தாடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்றாங்க. மாத்துங்க. நூல் பையன் கையில இருக்கணும். காத்தாடியைத் தூக்கிக்கிட்டு ஓடறது உங்க வேலை. அந்த இழுப்பு அவன் விரல்ல தெரியணும், அதுக்குத்தான் இவ்வளவும்.

இன்னொண்ணு. கண்ணாடித் தூள் பூசின மாஞ்சா நூல் வீட்டுக்குள்ளயே வரக் கூடாது. பைக்ல குழந்தையை முன்னாடி உக்கார வச்சு வந்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். நைலான் மாஞ்சாவை 2017-லயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை பண்ணிடுச்சு. சென்னையில போலீஸ் தடையும் இருக்கு. அப்படியும் எங்கிருந்தாவது வருது. வெறும் பருத்தி நூல் மட்டும் வாங்குங்க. மொட்டை மாடியும் வேணாம். மேலயே பாத்துக்கிட்டுப் பின்னாடி நகர்ற பிள்ளைக்குக் கைப்பிடிச் சுவர் கண்ணுல படாது. கடற்கரை மணல், இல்லேன்னா கரண்டுக் கம்பி இல்லாத வெட்டவெளி.

கணக்கு_வாத்தியார் | 22 ஜூலை, மாலை 4:30

நல்ல இழை. மொட்டை மாடி இருக்கிறது என்றார். அக்டோபருக்குள் ஒரு மழைமானி செய்து வைத்துவிடுங்கள்.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்றை, மேலே குறுகத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய தலையைக் கவிழ்த்து உள்ளேயே புனலாக வையுங்கள். அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருக்கும். அது மறையும் வரை கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்பி அங்கே சுழியம் என்று கோடு போடுங்கள். அதற்கு மேல் மகள் அளவுகோல் வைத்து மில்லிமீட்டர் குறிக்கட்டும். மணல் நிரப்பிய வாளியில் பாட்டிலைப் புதைத்து, சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தள்ளி வைத்தால் காற்றில் சாயாது.

தினமும் காலை 8:30 மணிக்கு அளந்து நோட்டில் எழுத வேண்டும். வானிலை ஆய்வு மையமும் அந்த நேரத்தில்தான் 24 மணி நேர மழையைக் கணக்கிடுகிறது. நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் அளவுகள் செய்தியில் வரும். பெருங்களத்தூரில் நம் வீட்டு மாடியில் எவ்வளவு என்று மகள் பக்கத்தில் எழுதிப் பார்ப்பாள். ஒரே நாளில் அங்கே கொட்டியிருக்கும், இங்கே தூறியிருக்கும். ஏன் என்று அவள் கேட்கும்போது இருவரும் சேர்ந்து தேடுங்கள்.

கணக்கும் இதில்தான் இருக்கிறது. 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர். மாடி 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 50 மி.மீ. மழைக்கு 5,000 லிட்டர். அது எங்கே போகிறது என்று மகனை அழைத்துக்கொண்டு குழாய் வழியே தேடிப் போங்கள், தெருச் சாக்கடைக்கா, மழைநீர்த் தொட்டிக்கா என்று. 64.5 மி.மீ.க்கு மேல் கனமழை, 115.6-க்கு மேல் மிகக் கனமழை, 204.5-க்கு மேல் அதிகனமழை. செய்தியில் அந்தச் சொற்கள் வரும்போது பிள்ளைகள் தங்கள் பாட்டிலில் கோட்டைத் தேடுவார்கள்.

அளந்ததும் சுழியக் கோடு வரை கொட்டிவிடுங்கள். மழையில்லாத நாள் தொடர்ந்தால் அடித் தண்ணீரையும் மாற்றுங்கள். தேங்கினால் டெங்கு கொசு.

பழைய_கிணறு | 22 ஜூலை, இரவு 8:45

எல்லாம் சரி. கோடையில் நீச்சலைப் பற்றி யாருமே பேசவில்லையே. எங்கள் அப்பா இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கிணற்றில் தூக்கிப் போட்டார், கற்றுக்கொண்டோம். இப்போதுள்ள அப்பாக்கள் பயந்து பயந்தே பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள் என்பது என் கருத்து.

பவானிக்கரை | 22 ஜூலை, இரவு 9:30

அண்ணா, நானும் கிணத்துல படிச்சவன்தானுங்க. ஆனா தூக்கிப் போட்டதால யாரும் நீச்சல் படிக்கலீங்க. அப்பா உள்ள இருந்தாரு, கயிறு இருந்துச்சு, அதனால பொழைச்சோம். எங்க பக்கம் முதுகுல காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டி விடுவாங்க. அதுக்கும் முன்னாடி பம்ப்செட் தொட்டி. தொட்டியில மூஞ்சியை முக்கி மூச்சு விடப் பழகாத குழந்தையை நான் கிணத்துப் படியில இறக்க மாட்டேனுங்க.

செவிலி_தஞ்சை | 22 ஜூலை, இரவு 11:10

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் எங்களுக்கு வருகிற பிள்ளைகளைப் பற்றி இங்கே எழுத மனம் வரவில்லை. அதனால் செய்ய வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். அப்பாக்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. வாய் தண்ணீருக்கு மேலே வரும் கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கவே போதாது, எங்கே கத்துவது? சத்தமில்லாமல் நடக்கும், பக்கத்தில் இருப்பவர் விளையாடுகிறது என்று நினைப்பார். அதனால் நீங்கள் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். கரையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டு கவனிக்கிறேன் என்பது கவனிப்பு இல்லை. குடித்திருந்தால் அன்றைக்குத் தண்ணீர்ப் பக்கமே கூட்டிப் போகாதீர்கள்.

கைவிடப்பட்ட கல்குவாரி, மணல் அள்ளிய ஆற்றுக் குழி இரண்டும் வேண்டவே வேண்டாம். முழங்கால் ஆழத்தில் நிற்கிற பிள்ளை அடுத்த அடியில் ஆளுயரப் பள்ளத்தில் இருக்கும்.

ஒருவர் மூழ்கினால் நீந்தத் தெரியாத இன்னொருவர் குதிப்பதால்தான் ஒரே குடும்பத்தில் மூன்று நான்கு பேர் போகிறார்கள். வேட்டி, சேலை, துப்பட்டா, கழி, மூடிய காலி கேன், எது கையில் கிடைக்கிறதோ அதை நீட்டுங்கள், எறியுங்கள். பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிக் கொடுங்கள். குளத்துக்குப் போகும் முன் வீட்டு வாசலில் துண்டை எறிந்து இழுக்கிற விளையாட்டாகவே பழக்கலாம்.

வெளியே எடுத்த பிள்ளை மூச்சு விடவில்லை என்றால் வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள். மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாயில் வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் வேகமாக, ஆழமாக அழுத்துங்கள். 30 அழுத்தம், 2 மூச்சு, நிறுத்தாமல். இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும்.

பிள்ளைகளைத் தண்ணீரை விட்டுத் தள்ளி வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. நீச்சல் தெரியாத பிள்ளைதான் அதிக ஆபத்தில் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தம்பிக்குக் கேன் கட்டி விட்டு அக்காவைத் துணி காவலுக்குக் கரையில் உட்கார வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அவளையும் இறக்குங்கள்.

பழைய_கிணறு | 23 ஜூலை, காலை 7:00

அம்மா, முழுக்கப் படித்தேன். மூச்சுக் கொடுக்கும் விஷயம் எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் இன்றும் வயிற்றைத்தான் அமுக்குகிறார்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் பதிவைப் போடலாமா?

செவிலி_தஞ்சை | 23 ஜூலை, காலை 7:25

தாராளமாகப் போடுங்கள் ஐயா. ஊர்ப் பள்ளியிலும் கொடுங்கள்.

காரைக்குடி_கண்மாய் | 23 ஜூலை, பகல் 1:15

தண்ணி வத்துற காலத்தையும் சேத்துக்கங்க. எங்க சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் மாசிக்கு மேல கண்மாய் வத்த வத்த ஊர் ஊரா மீன்பிடித் திருவிழா நடக்கும். பெரியவங்க வெள்ளைத் துண்டை வீசினதும் மொத்த ஊரும் இறங்கும். ஊத்தா, கச்சா, வலை, எதுவும் இல்லாதவனுக்குக் கையே போதும்.

பிள்ளைக்கு ஊத்தாதான் சரி. அடியும் மேலயும் திறந்த கூடை அது. சேத்துல அமுக்கி வச்சா உள்ள மாட்டுன மீன் மோதும், அந்த அதிர்வு கையில தெரியும். மேல்வாய் வழியாக் கையை விட்டுத் துழாவி எடுக்கணும். கெளுத்தி முள்ளு குத்தினா வலி உயிர் போகும், அதனால முதல்ல அப்பா கை. விரால், கெண்டை, ஜிலேபி எதுன்னு தொட்டே சொல்லப் பழகிட்டா அப்புறம் பிள்ளை கை. பிடிச்ச மீனை விக்கிறதில்லை, அன்னைக்கு எல்லா வீட்டுலயும் மீன் குழம்புதான். வெளியூர்க்காரங்களும் வரலாம், யாரும் தடுக்க மாட்டாங்க.

நாரைநோக்கி | 23 ஜூலை, இரவு 8:00

பெருங்களத்தூர் நண்பருக்கு வந்தவாசி போகிற வழியில் கொஞ்சம் விலகினால் வேடந்தாங்கல். நவம்பருக்கு மேல் மார்ச் வரை போகலாம். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா என்று பிள்ளைகள் அலகைப் பார்த்தே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு அலகும் எதைப் பிடிக்க அப்படி இருக்கிறது என்று யோசிக்கச் சொல்லுங்கள். அந்த ஏரித் தண்ணீரில் பறவை எச்சம் கலப்பதால் வயலுக்கு நல்ல உரம். ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம். காரைக்குடி நண்பர் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வைப்பதில்லை.

ஆனால் வேடந்தாங்கல் வருஷத்துக்கு ஒரு முறை. உங்கள் ஏரி வாரத்துக்கு ஒரு முறை. நான் இரண்டாவதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். 2015 முதல் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஏதாவது ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி ஈபேர்டு தளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். இப்போதிருந்தே ஞாயிறு காலை ஏரிக்கரையில் நின்று எண்ணிப் பழகுங்கள். மகன் எண்ணட்டும், மகள் எழுதட்டும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் கடற்கரையில் முட்டையிட வரும். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து முட்டைகளைக் காக்கிறார்கள். அவர்களோடு வார இறுதியில் பொதுமக்களும் நடக்கலாம். விடிய விடிய மணலில் நடை என்பதால் மகளுக்குச் சரிப்படும், மகனுக்குக் கஷ்டம். அவனை மார்ச், ஏப்ரலில் மாலை நேரம் குஞ்சுகளைக் கடலில் விடும்போது கூட்டிப் போங்கள். பிளாஷ் போடக் கூடாது, தொடக் கூடாது. இதை வீட்டிலேயே சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

பத்துச்சக்கரம் | 24 ஜூலை, அதிகாலை 2:20

டோல்கேட்ல நிக்கும்போது படிச்சேன். எனக்கு சனி ஞாயிறு கிடையாதுங்க, லாரி ஓட்டுறேன். ஊர் நாமக்கல் பக்கம். வீட்டுக்கு வந்தா அரை நாள், அதுலயும் தூக்கம் போக மிச்சம். பையனுக்கு ஏழு வயசு. நீங்க சொல்றதெல்லாம் கேக்க நல்லாருக்கு, எனக்கு ஒரு மணி நேரத்துல ஆகுற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க.

பவானிக்கரை | 24 ஜூலை, காலை 6:10

இருக்குதுங்க, நிறைய இருக்குது. பூவரச இலையைச் சுருட்டி, ஒரு முனையை லேசாக் கடிச்சு விட்டா பீப்பி. பனை ஓலையில ரெண்டு துண்டு கிழிச்சு, குறுக்க மடிச்சு, நடுவுல வேலிக்காத்தான் முள்ளைக் குத்திக் குச்சியில சொருகினா காத்தாடி. கையில பிடிச்சு ஓடினாப் போதும். இதுக்கெல்லாம் பத்து நிமிஷம் ஆகாது.

சித்திரை, வைகாசியில நுங்கு சீசன். வண்டியில வரும்போது ரோட்டோரம் நுங்கை முழுக் குலையா வாங்கிட்டு வாங்க. தின்னு முடிச்ச கூந்தை ரெண்டு, நடுவுல ஒரு குச்சி, தள்ளுறதுக்கு ஒரு கவைக்குச்சி. நுங்கு வண்டி ரெடி. அதை நீங்களே செஞ்சு தராதீங்க. குச்சியைப் பையன் சொருகட்டும். கோணலாப் போகும், கழண்டு விழும். நீங்க அடுத்த லோடுக்குப் போன பின்னாடியும் அவன் அதைக் கழட்டி மாட்டிட்டு இருப்பான். ஒரு மணி நேரம் தாராளமுங்க.

உடன்குடிக்காரன் | 24 ஜூலை, காலை 7:30

பத்துச்சக்கரம் தம்பி, நீங்க தூத்துக்குடி துறைமுகத்துக்கு லோடு எடுத்து வருவீங்கல்லா? ஆவணியில வந்தீங்கன்னா வழியெல்லாம் பனம்பழம் கிடக்கும். தோட்டக்காரங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு ஒரு சாக்கு பொறுக்கிப் போட்டுக்கிடுங்க. கொட்டையைப் புதைக்க உங்களுக்கும் மகனுக்கும் ஒரு மணி நேரம், பொங்கலுக்கு எடுக்க ஒரு மணி நேரம். நடுவுல நீங்க ஊர்ல இல்லேன்னாலும் அது வளரும். மகன் போன்ல சொல்லுவான்.

பத்துச்சக்கரம் | 24 ஜூலை, பகல் 12:40

மாசத்துல ஒரு தடவையாவது தூத்துக்குடி வருவேண்ணே. பழத்தோட எடுத்துட்டு வந்தா வண்டியில ரெண்டு மூணு நாள் தாங்குமா?

பெருங்களத்தூர்_அப்பா | 24 ஜூலை, பகல் 12:55

அதோடு என் சாக்குப்பைக் கேள்விக்கும் பதில் சொல்லுங்கள் அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை மாமனார் ஊரில் பழம் பொறுக்கப் போகிறோம். மகள் இப்போதே நோட்டில் தேதி எழுதிவிட்டாள்.

உடன்குடிக்காரன் | 24 ஜூலை, மாலை 6:05

ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்றேன். பழத்தோட எடுத்தா தாங்கும், ஆனா தார்ப்பாய்க்குள்ள மூடி வைக்காதீங்க. அழுகி ஈ மொய்க்கும், வண்டியில உக்கார முடியாது. சணல் சாக்குல போட்டு நிழல் பக்கமா வைங்க. வீட்டுக்கு வந்ததும் சதையைப் பிசைஞ்சு எடுத்துட்டு, கொட்டையை வெயில்ல காயப் போடாம அந்த வாரத்துக்குள்ள புதைச்சிருங்க.

மாடிக்கு ரெண்டடிக்குக் குறையாத ஆழம் வேணும். பழைய தண்ணி டிரம் கிடைச்சா நல்லது, இல்லேன்னா நெல் சாக்கை ரெண்டு மடிப்பாப் போடுங்க. அடியில ஓட்டை போட்டு, பாதி மணல் பாதி செம்மண். கொட்டையை மேல ஒரே அடுக்கா வைங்க, ரெண்டு அடுக்கு வேண்டாம். கைப்பிடிச் சுவர் ஓரமா, தூண் இருக்கிற இடத்துல வைங்க. மழையில ஊறினா பாரம் அதிகம்.